உடல்நல ஏற்றத்தாழ்வை ஆராயும் மாணவர் போராட்டத்திலும் நிற்கலாமா?

நீங்கள் கேட்டதை ஒருமுறை என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். உயிர்வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறீர்கள். வேலையும் வருமானமும் மனிதர்களின் உடல்நலத்தை எப்படிப் பிரித்துப் போடுகின்றன என்று ஆராயும் ஒரு பேராசிரியரின் குழுவில் சேர்ந்திருக்கிறீர்கள். கூடவே, வளாகத் துப்புரவுப் பணியாளர்களுக்கு மருத்துவ வசதி கேட்டுப் போராடும் மாணவர் குழுவிலும் இருக்கிறீர்கள். அந்தப் பணியாளர்களின் உடல்நலத்தையே ஆய்வுத் தலைப்பாக எடுக்கலாமா என்று யோசித்தபோது, "போராட்டத்தில் நிற்பவர் செய்த ஆய்வை யாரும் நம்ப மாட்டார்கள், ஒன்றை விட்டுவிடு" என்று சீனியர்கள் சொல்லியிருக்கிறார்கள். எதை விடுவது, இதெல்லாம் எதிர்கால வேலை வாய்ப்பைப் பாதிக்குமா என்று கேட்கிறீர்கள்.

இதில் மூன்று கேள்விகள் ஒரே முடிச்சாக விழுந்திருக்கின்றன என்று எனக்குப் படுகிறது. ஒரு பக்கம் சாய்ந்து நிற்பவரால் நேர்மையாக அளக்க முடியுமா என்பது ஒன்று. அளந்தாலும் மற்றவர்கள் நம்புவார்களா என்பது இன்னொன்று. இதனால் அந்தப் பணியாளர்களுக்கு நல்லது நடக்குமா, கெடுதல் வந்து சேருமா என்பது மூன்றாவது. பேச்செல்லாம் முதல் இரண்டைப் பற்றித்தான் நடக்கும். நான் இருபது வருடத்துக்கு மேல் பொதுசுகாதார ஆய்வில் இருக்கிறேன், மாணவனாக இருந்தபோது பதாகை பிடித்தும் நின்றிருக்கிறேன். என்னை இன்றைக்கும் உறுத்துவது அந்த மூன்றாவது கேள்விதான். அதனால் அதற்குக் கொஞ்சம் அதிக இடம் எடுத்துக்கொள்வேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எதையும் விட வேண்டாம். இந்தத் துறையே அப்படிப் பிறந்ததுதான். 1848-இல், இன்றைய போலந்தில் உள்ள மேல் சைலீசியாவில் டைஃபஸ் காய்ச்சல் பரவியபோது, பிரஷ்ய அரசு ருடால்ஃப் விர்ஹோ என்ற மருத்துவரை அனுப்பியது. அப்போது அவருக்கு வயது 26. சில வாரங்கள் அங்கே சுற்றிப் பார்த்துவிட்டு அவர் எழுதிய அறிக்கையில் மருந்தைவிட அதிகமாகக் கல்வியும், சாலையும், வரிச்சுமையும், மக்களாட்சியும்தான் இருந்தன. திரும்பி வந்த அதே மாதத்தில் பெர்லின் புரட்சியிலும் இறங்கினார். மறு வருடம் வேலை போனது, வூர்ட்ஸ்பர்க் நகரத்துக்குப் போக வேண்டியிருந்தது. ஒவ்வொரு உயிரணுவும் இன்னொரு உயிரணுவிலிருந்தே வருகிறது என்று உங்கள் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்களே, அதைப் பரப்பியவரும் இவர்தான். 1856-இல் பெர்லினுக்கே பேராசிரியராகத் திரும்பினார். அவர் விலை கொடுத்தார் என்பது உண்மை. அவருடைய அறிவியல் அதனால் கெடவில்லை என்பதும் உண்மை.

அவ்வளவு பழைய கதை வேண்டாம் என்றால், உங்கள் பாடத்துக்கு மிக நெருக்கமான ஒன்று இருக்கிறது. சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை ரத்தத்தில் உள்ள கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளை வைத்து ஒரு சூத்திரம் கணக்கிடுகிறது. 1999-இலும் 2009-இலும் அமெரிக்காவில் வந்த சூத்திரங்களில், நோயாளி கறுப்பினத்தவர் என்றால் விடையை ஒரு எண்ணால் பெருக்கச் சொல்லியிருந்தார்கள். முதலாவதில் அது ஏறக்குறைய 1.2, இரண்டாவதில் ஏறக்குறைய 1.16. விளைவு என்ன? ஒரே கிரியேட்டினின் அளவு இருந்தாலும், கறுப்பின நோயாளியின் சிறுநீரகம் காகிதத்தில் நன்றாக வேலை செய்வதாகத் தெரியும். மாற்றுச் சிறுநீரகத்துக்கான காத்திருப்புப் பட்டியலில் அவர் இடம்பிடிப்பது தள்ளிப்போகும். "இந்த எண் எங்கிருந்து வந்தது? இனம் என்பது உயிர்வேதியியல் மாறியா?" என்று வகுப்பில் எழுந்து கேட்டவர்களில் மருத்துவ மாணவர்கள் முக்கியமானவர்கள். பல கல்லூரிகளில் அவர்கள் மனு கொடுத்தார்கள், துறைத்தலைவர்களிடம் வாதாடினார்கள். 2021-இல் சிறுநீரக மருத்துவர்களின் தேசியப் பணிக்குழு, இனத்தைச் சேர்க்காத புதிய சூத்திரத்தைப் பரிந்துரைத்தது. 2023 தொடக்கத்திலிருந்து, பழைய சூத்திரத்தால் தாமதமான கறுப்பின நோயாளிகளின் காத்திருப்புக் காலத்தைத் திருத்திக் கொடுக்கும் விதியும் வந்தது.

இந்தக் கதையை நான் மாணவர்களிடம் சொல்லும்போதெல்லாம் அதன் பின்பாதியையும் சேர்த்தே சொல்வேன். அந்தப் பெருக்கல் எண்ணைச் சும்மா அடித்துவிட்டால் போதும் என்று விஷயம் முடியவில்லை. சிறுநீரகச் செயல்பாடு குறைவு என்று கணக்கு வந்தால் சில மருந்துகளின் அளவைக் குறைக்க வேண்டிவரும், சிலவற்றைத் தரவே முடியாமல் போகும், உறுப்பு தானம் செய்ய முன்வருபவர் தகுதி இழக்கலாம். அதனால்தான் பணிக்குழு ஏராளமான அளவீடுகளை அலசி, சூத்திரத்தையே புதிதாகக் கட்டியதை எடுத்துக்கொண்டது. சிஸ்டாட்டின்-சி என்ற ஒரு புரதத்தையும் சேர்த்து அளந்தால் துல்லியம் கூடும் என்றும் சொன்னது. கேள்வியை எழுப்பியது நியாய உணர்ச்சி. எந்தச் சூத்திரம் யாரைக் காப்பாற்றும் என்று தெரிய உட்கார்ந்து கணக்குப் போட வேண்டியிருந்தது. இரண்டும் ஒரே மேஜைக்கு வந்ததால்தான் இது நடந்தது.

வளாகப் போராட்டம் என்றால் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. அப்போது எச்ஐவிக்குத் தரப்பட்ட ஸ்டாவுடின் என்ற மருந்தின் காப்புரிமை யேல் பல்கலைக்கழகத்திடம் இருந்தது. அதை விற்கும் உரிமை ஒரு மருந்து நிறுவனத்திடம் இருந்தது. 2001-இல் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு, தென்னாப்பிரிக்காவில் மலிவான மாற்று மருந்தை அனுமதிக்கும்படி பல்கலைக்கழகத்தைக் கேட்டது. முதலில் முடியாது என்றார்கள். மாணவர்கள் கையெழுத்து திரட்டினார்கள். அந்த மருந்தை உருவாக்கிய ஆய்வாளர்களில் ஒருவரான வில்லியம் புரூசாஃப் வெளிப்படையாக அவர்கள் பக்கம் பேசினார். சில வாரங்களிலேயே, தென்னாப்பிரிக்காவில் அந்தக் காப்புரிமையை வலியுறுத்த மாட்டோம் என்று நிறுவனம் அறிவித்தது. அங்கே மாணவர்கள் புதிய ஆய்வு எதுவும் செய்யவில்லை. எது யாருடைய கையில் இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்து, சரியான கதவைத் தட்டினார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்பது பிறகு புரியும்.

சரி, சீனியர்கள் சொல்வதில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. நமக்கு வேண்டிய விடை மனதில் இருக்கும்போது பொய் சொல்லத் தேவையே இல்லாமல் ஆய்வு கோணலாகிவிடும். யாரிடம் முதலில் போய்க் கேட்கிறோம்? நமக்குத் தெரிந்தவரிடம். நமக்குத் தெரிந்தவர் யார்? ஏற்கெனவே நம் கூட்டத்துக்கு வருபவர், அதாவது அதிகம் பாதிக்கப்பட்டவர். "இந்த வேலையால் உங்களுக்கு முதுகுவலி வந்ததா?" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் வரும். "போன வாரம் உடம்பில் எங்காவது வலி இருந்ததா?" என்று கேட்டால் வேறு விடை வரும். எதிர்பார்த்த எண் வந்ததும் கணக்கெடுப்பை நிறுத்திவிடுவது, வராவிட்டால் இன்னும் பத்துப் பேரைச் சேர்ப்பது, பத்து நோய்களைப் பற்றிக் கேட்டுவிட்டு வித்தியாசம் தெரிந்த ஒன்றை மட்டும் துண்டறிக்கையில் போடுவது, இவையெல்லாம் நல்ல மனிதர்கள் செய்யும் தவறுகள். இதற்குப் போராட்டக்காரராக இருக்கவும் வேண்டாம். பதவி உயர்வு வேண்டும் என்று நினைக்கும் ஆய்வாளருக்கும் இதே சறுக்கல் நேர்கிறது. ஒரே வித்தியாசம், உங்களுடைய சாய்வு வெளியே தெரியும், அவருடையது தெரியாது.

இதற்கு மருந்து தெரிந்ததுதான். கணக்கெடுப்பு தொடங்கும் முன்பே, எதை அளக்கப் போகிறீர்கள், எத்தனை பேரிடம், யாரோடு ஒப்பிட்டு, எந்தக் கணக்குமுறையில் என்று எழுதித் தேதி போட்டுப் பேராசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். அதில் கட்டாயம் ஒரு வரி இருக்க வேண்டும்: என்ன விடை வந்தால் நான் நினைத்தது தவறு என்று ஒப்புக்கொள்வேன்? அந்த வரியை எழுத முடியவில்லை என்றால், நீங்கள் திட்டமிடுவது ஆய்வு இல்லை. அது பிரச்சாரம். பிரச்சாரத்தில் தப்பில்லை, ஆனால் அதை அந்தப் பெயரில் செய்யுங்கள். அப்புறம், எண்களை அலசும் வேலையை உங்கள் குழுவோடு உடன்படாத ஒருவரிடம் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். எந்தத் தரவு எந்தக் குழுவுடையது என்று மறைத்துக் கொடுத்தால் இன்னும் நல்லது. கடைசியாக, நீங்கள் அந்தப் போராட்டத்தில் இருப்பதை அறிக்கையிலேயே எழுதிவிடுங்கள். மறைத்து வைத்துப் பிறகு வெளியே வந்தால்தான் அது குற்றமாகத் தெரியும்.

இப்போது துப்புரவுப் பணியாளர்களைப் பற்றிய ஆய்வில் உள்ள ஒரு குழிக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்குப் பதில் சொன்னதாகவே ஆகாது. நீங்கள் இன்றைக்கு வேலையில் இருக்கும் பணியாளர்களைக் கணக்கெடுத்து, அதே வயதுள்ள பொதுமக்களோடு ஒப்பிட்டால், பணியாளர்கள் அதிக ஆரோக்கியமாக இருப்பதாக விடை வர வாய்ப்பு நிறைய. காரணம் எளிமையானது. குனிந்து நிமிர முடியாதவர், மூச்சு வாங்குபவர், கை நடுங்குபவர் ஏற்கெனவே வேலையை விட்டுப் போயிருப்பார். மிச்சம் இருப்பவர்கள் தாக்குப் பிடித்தவர்கள். பொதுமக்கள் கணக்கிலோ படுத்த படுக்கையாக இருப்பவர்களும் சேர்ந்திருப்பார்கள். இதை நோய்ப்பரவலியலில் ஆரோக்கியத் தொழிலாளர் விளைவு என்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தொழில்வாரி இறப்புக் கணக்கு எடுத்தவர்கள் கவனித்த விஷயம் இது. உங்கள் சொந்தக் கணக்கெடுப்பையே காட்டி "பாருங்கள், அவர்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள்" என்று நிர்வாகம் சொன்னால் என்ன செய்வீர்கள்?

அதனால் ஒப்பீட்டுக் குழுவை நன்றாக யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதே வளாகத்தில் வேலை செய்யும் தோட்டப் பணியாளர்கள், காவலர்கள், அலுவலக உதவியாளர்கள் என்று வேலையில் இருப்பவர்களோடு ஒப்பிடலாம். கடந்த சில வருடங்களில் வேலையை விட்டவர்களைத் தேடிப்பிடித்து ஏன் விட்டார்கள் என்று கேட்கலாம். அது கஷ்டம்தான், தொலைபேசி எண் மாறியிருக்கும், ஊர் மாறியிருப்பார்கள். ஆனால் உண்மைக் கதை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஐந்தாறு வருடம் வேலை செய்தவரையும் புதிதாகச் சேர்ந்தவரையும் ஒப்பிடுவதும் உண்டு, அதிலும் இதே குழி கொஞ்சம் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

இந்தத் துறையில் எது உறுதி, எது இன்னும் வாதத்தில் இருக்கிறது என்றும் பிரித்துச் சொல்கிறேன், மேடையில் பேசும்போது உதவும். வேலைப் படிநிலைக்கும் ஆயுளுக்கும் தொடர்பு உண்டு என்பது உறுதி. பிரிட்டனில் 1967-இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வு சுமார் 18,000 ஆண் அரசு ஊழியர்களைப் பின்தொடர்ந்தது. எல்லோருக்கும் நிரந்தர வேலை, எல்லோருக்கும் அரசு மருத்துவ வசதி. அப்படி இருந்தும் அடிமட்ட நிலையில் இருந்தவர்கள் இறந்த விகிதம் உச்சியில் இருந்தவர்களைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. இன்னும் முக்கியம், நடுவில் இருந்தவர்களும் நடுவில்தான் இருந்தார்கள், பதவி ஏற ஏற இறப்பு விகிதம் படிக்குப் படி இறங்கியது. புகைபிடித்தல், ரத்த அழுத்தம், கொழுப்பு என்று தெரிந்த காரணங்களைக் கழித்துப் பார்த்தாலும் இடைவெளியில் பெரும்பகுதி அப்படியே நின்றது. அதற்குப் பிறகு பல நாடுகளில் இதே படிக்கட்டு தெரிந்திருக்கிறது.

ஏன் என்பதில்தான் வாதம். வேலையில் சுயமாக முடிவெடுக்கும் உரிமை இல்லாததும் நீண்டகால மன அழுத்தமும்தான் உடலைத் தேய்க்கின்றன என்று ஒரு தரப்பு சொல்கிறது. அதெல்லாம் சரி, பணமும் வீடும் உணவும் காற்றும்தான் அடிப்படை என்று இன்னொரு தரப்பு சொல்கிறது. நோய் வந்ததால் வருமானம் குறைந்ததா, வருமானம் குறைவாக இருந்ததால் நோய் வந்ததா என்று பிரிப்பதும் எளிதில்லை, இரண்டும் நடக்கிறது. ஆகவே "ஏற்றத்தாழ்வு ஆயுளைக் குறைக்கிறது" என்று நீங்கள் தைரியமாகச் சொல்லலாம். "மன அழுத்த ஹார்மோன் இந்த வழியாக இந்த நோயை உண்டாக்கி இத்தனை வருடத்தைப் பறித்தது" என்று உங்கள் வளாகத்துப் பணியாளர் ஒருவரைக் காட்டிச் சொல்ல முடியாது.

துப்புரவு வேலையைப் பற்றியே நல்ல ஆய்வு உண்டு. 2018-இல் நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழகத்தினர் தலைமையில் வந்த ஒன்று, ஐரோப்பாவில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரை இருபது வருடம் பின்தொடர்ந்தது. வேலையாகவோ வீட்டிலோ துப்புரவு செய்த பெண்களின் நுரையீரல் செயல்திறன், செய்யாதவர்களைவிட வேகமாகக் குறைந்திருந்தது. ஆண்களிடம் அப்படித் தெரியவில்லை. துப்புரவு வேலை செய்த ஆண்கள் அதில் குறைவு, துப்புரவே செய்யாத பெண்களும் குறைவு. எனவே ஆண்களுக்குப் பாதிப்பு இல்லை என்று அதை வைத்து முடிவு கட்டக் கூடாது. பெண்களின் குறைவு முழுவதும் ரசாயனத்தால்தான் என்று ஒரே ஆய்வை வைத்து அடித்துச் சொல்வதும் அவசரம். ஆனால் இன்னொரு விஷயத்தில் சந்தேகமே கிடையாது. பிளீச்சை அமிலக் கிளீனரோடு கலந்தால் குளோரின் வாயு வரும், அம்மோனியா உள்ள திரவத்தோடு கலந்தால் குளோரமைன் வரும், இரண்டும் நச்சு. இதற்கு ஆய்வு வேண்டாம், உங்கள் முதலாம் ஆண்டு வேதியியல் போதும்.

யேல் கதையை இப்போது நினைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கோரிக்கைக்குப் புதிய ஆய்வு தேவை, எதற்குத் தேவையில்லை என்று முதலில் பிரித்துவிடுங்கள். நான் பார்த்தவரை, உங்களைப் போன்ற மாணவர்கள் பெரும்பாலும் இதில்தான் தடுமாறுகிறார்கள். கையுறை இல்லை, காற்றோட்டம் இல்லாத அறையில் அமிலமும் பிளீச்சும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, காயம்பட்டால் போக இடமில்லை என்றால் அதை நிரூபிக்க ஒரு பருவம் முழுக்கக் கணக்கெடுப்பு நடத்தாதீர்கள். படம் எடுத்து, பட்டியல் போட்டு, நிர்வாகத்திடம் கொடுங்கள். "ஆய்வு முடியட்டும், பார்க்கலாம்" என்பது காலம் கடத்த விரும்புபவர்களுக்கு மிகவும் வசதியான வாக்கியம். அந்த வாக்கியத்தை நம் கையாலேயே எழுதிக் கொடுக்கக் கூடாது. உண்மையிலேயே விடை தெரியாத கேள்விகளுக்கு, உதாரணமாக எந்தக் கட்டடத்தில், எந்த நேரப் பணியில், எந்தப் பொருளால் மூச்சுத் தொல்லை அதிகம் என்பது போன்றவற்றுக்கு, உங்கள் ஆய்வை ஒதுக்கி வையுங்கள்.

சில நேரம் ஆய்வு அச்சில் வரும்வரை காத்திருக்கவும் முடியாது. அமெரிக்காவின் ஃபிளிண்ட் நகரில் 2014-இல் குடிநீர் ஆதாரத்தை மாற்றியபின், தண்ணீர் சரியில்லை என்று மக்கள் மாதக்கணக்கில் கத்தினார்கள், யாரும் கேட்கவில்லை. மோனா ஹன்னா-அட்டிஷா என்ற குழந்தை மருத்துவர் மருத்துவமனையில் ஏற்கெனவே இருந்த பரிசோதனைப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார். ரத்தத்தில் ஈயம் அதிகமாக இருந்த, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பங்கு 2.4 சதவீதத்திலிருந்து 4.9 சதவீதமாக ஏறியிருந்தது. 2015 செப்டம்பரில், ஆய்வுக்கட்டுரை வெளிவரும் முன்பே, செய்தியாளர்களை அழைத்துச் சொன்னார். மாநில அதிகாரிகள் முதலில் மறுத்தார்கள், பிறகு தங்கள் எண்களிலேயே அது தெரிந்ததும் ஒப்புக்கொண்டார்கள். அவர் காத்திருந்தால் குழந்தைகள் இன்னும் ஈயத்தைக் குடித்துக்கொண்டிருப்பார்கள். தாமதத்தால் வரும் கேடு திருத்த முடியாதது, எண்களை வேறொருவர் உடனே சரிபார்க்க முடியும், சொல்வது தவறாகிப் போனால் அதனால் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை: இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் முன்கூட்டியே பேசலாம் என்பது என் கருத்து. இது கருத்துதான், விதி இல்லை. இதை ஏற்காத நேர்மையான ஆய்வாளர்களும் இருக்கிறார்கள்.

நானே இதில் தவறியிருக்கிறேன். மாணவனாக இருந்தபோது, இரவுப் பணி செய்யும் ஊழியர்கள் முப்பது பேர் போல இருப்பார்கள், அவர்களிடம் பேசி ஒரு சின்னக் கணக்கெடுப்பு செய்தோம். யார் பெயரையும் எழுதவில்லை, அதனால் பாதுகாப்பு என்று நினைத்தோம். ஒரு கூட்டத்தில் எண்களை வாசித்தேன். ஒரு பிரிவில் பெண்கள் நான்கு பேர்தான் என்பது எனக்குத் தெரியும், அது ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை. "அந்தப் பிரிவில் ஒரு பெண் கழிவறைக்குப் போக அனுமதி கிடைக்காததைப் பற்றிச் சொன்னார்" என்று வாசித்தபோது, அது யார் என்று மேற்பார்வையாளருக்கு ஒரு நிமிடத்தில் தெரிந்துவிட்டது. அடுத்த மாதம் அவரை வேறு நேரத்துக்கு மாற்றினார்கள், வீட்டில் சின்னக் குழந்தையை வைத்துக்கொண்டு அந்த நேரத்தில் அவரால் வர முடியாது என்று தெரிந்தே மாற்றினார்கள். வேலையை விட்டார். நான் படிப்பை முடித்தேன், வேறு இடத்துக்குப் போனேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன், அவர் பரவாயில்லை தம்பி என்றார். பரவாயில்லை என்று சொல்வதைத் தவிர அவருக்கு வேறு என்ன வழி இருந்தது?

ஆகவே பெயரை அழிப்பது போதாது. ஒரு அட்டவணையில் ஐந்துக்கும் குறைவானவர்கள் விழுந்தால் அந்தக் கட்டத்தை வெளியிடாதீர்கள், பக்கத்துக் கட்டத்தோடு சேர்த்துவிடுங்கள். ஒருவர் சொன்ன வாக்கியத்தை அப்படியே போடும் முன், அதை அவரிடமே வாசித்துக் காட்டி, இதை வைத்து உங்களை அடையாளம் காண முடியுமா என்று கேளுங்கள். கல்லூரியின் ஆய்வு நெறிமுறைக் குழுவிடம் கட்டாயம் போங்கள். மாணவர் கணக்கெடுப்புக்கு அதெல்லாம் எதற்கு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அமெரிக்கப் பொதுசுகாதாரத் துறை டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை சிபிலிஸ் நோயுள்ள 399 கறுப்பின ஆண்களை, பென்சிலின் வந்த பிறகும் சிகிச்சை தராமல் கவனித்துக்கொண்டே இருந்தது. அந்த ஆய்வு வெளியே தெரிந்து எழுந்த கொந்தளிப்பில்தான் நெறிமுறைக் குழுக்கள் அங்கே சட்டமாயின. ஏழைகளின் உடம்பை ஆராய்ச்சிப் பொருளாக்குவது எவ்வளவு எளிது என்பதை நம் துறை அவ்வளவு மோசமான வழியில் கற்றுக்கொண்டது. குழுக்கள் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு விதமாக வேலை செய்யும், உங்கள் கல்லூரியின் நடைமுறையைப் பேராசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒப்புதல் விஷயத்தில் உங்களுக்கென்று தனிச் சிக்கல் ஒன்று இருக்கிறது. நேற்று மனுவில் கையெழுத்துக் கேட்டு வந்த அதே மாணவர் இன்று கேள்வித்தாளோடு வந்தால், ஒரு பணியாளரால் முடியாது என்று சொல்ல முடியுமா? தனக்காகப் பேசுகிறவர்களைப் பகைத்துக்கொள்ள வேண்டாம் என்று நினைப்பார். அல்லது நீங்கள் கேட்க விரும்புவதைச் சொல்வார். இரண்டும் கெடுதல். முடிந்தால் கேள்வி கேட்கும் வேலையைப் போராட்டத்தில் முகம் தெரியாத ஒருவரிடம் கொடுங்கள். முடியாது என்றால், பதில் சொல்லாவிட்டாலும் மருத்துவ வசதிக்கான போராட்டத்தில் எதுவும் மாறாது என்பதை முதல் வாக்கியமாகவே சொல்லுங்கள்.

உயிர்வேதியியல் படிப்பவர் என்பதால் இன்னொரு எச்சரிக்கை. குழுக்களுக்கிடையே வித்தியாசம் தெரிந்ததும் மரபணுவில் காரணம் தேடும் பழக்கம் நம் ஆட்களுக்கு உண்டு. மனித மரபணு வேறுபாட்டில் சுமார் 85 சதவீதம் ஒரே மக்கள்கூட்டத்துக்குள்ளேயே இருக்கிறது என்று 1972-லேயே ரிச்சர்ட் லெவோன்டின் கணக்கிட்டார். பிறகு வந்த கணக்குகளும் அதற்குப் பக்கத்திலேயே நிற்கின்றன. குறிப்பிட்ட சில நோய்களுக்கு மரபணுக் காரணம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் சில நேரம் கோளாறு அளக்கும் கருவியிலேயே இருக்கும். விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜனை ஒளியால் அளக்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர் 92 முதல் 96 சதவீதம் காட்டிய நோயாளிகளை 2020-இல் மிச்சிகனில் ரத்தப் பரிசோதனையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கறுப்பின நோயாளிகளின் அளவீடுகளில் 11.7 சதவீதத்தில் உண்மையான அளவு 88-க்கும் கீழே இருந்தது. வெள்ளையர்களிடம் அது 3.6 சதவீதம். தோலின் நிறம் ஒளி அளவீட்டைக் குழப்புகிறது என்பது பழைய சந்தேகம், எண் வந்தபிறகுதான் காது கொடுத்தார்கள். ஆய்வகத் திறமை உள்ள ஒரு மாணவர் போராட்டத்துக்குத் தரக்கூடிய அருமையான பங்கு இதுதான் என்று நினைக்கிறேன். கோஷம் போட நிறையப் பேர் வருவார்கள். கருவி சரியாக அளக்கிறதா என்று பார்க்கத் தெரிந்தவர் அந்தக் கூட்டத்தில் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள்.

எதிர்கால வேலை வாய்ப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதில் என் அனுபவத்தை மட்டும்தான் சொல்ல முடியும். மாணவர் சேர்க்கைக் குழுக்களில் உட்கார்ந்திருக்கிறேன். போராட்டத்தில் இருந்தார் என்பதற்காக ஒருவரைத் தள்ளிவைத்ததையும் பார்த்திருக்கிறேன், அதற்காகவே ஒருவரை விரும்பி எடுத்ததையும் பார்த்திருக்கிறேன். இரண்டு தரப்பும் கவனித்தது ஒன்றைத்தான்: தான் தவறு என்று தெரிந்த ஒரு சந்தர்ப்பத்தைப் பற்றி இவரால் பேச முடிகிறதா? அதற்கு உங்களிடம் உண்மையான பதில் இருக்கும்படி இந்த ஆய்வைச் செய்யுங்கள். நேரம் என்று பார்த்தால், இரண்டையும் முழு வேகத்தில் ஓட்ட முடியாது. தேர்வுக் காலத்தில் ஆய்வைத் தள்ளிப்போடலாம், கணக்கெடுப்பு நடக்கும் வாரங்களில் போராட்டக் குழுவின் முன்னணியிலிருந்து கொஞ்சம் விலகி நிற்கலாம். குழுவில் இதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

முடிவுகள் வந்ததும் அவற்றை முதலில் யாரிடம் சொல்வது என்று இப்போதே தீர்மானித்துவிடுங்கள். பேராசிரியருக்கும் நிர்வாகத்துக்கும் மாணவர் குழுவுக்கும் முன்பாக, பதில் சொன்ன பணியாளர்களிடம் சொல்ல வேண்டும். நீங்கள் எதிர்பார்த்தது வரவில்லை என்றாலும் சொல்ல வேண்டும். பெரிய எழுத்தில் ஒரு பக்கம் போதும், வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாய்ப்பேச்சு போதும். இந்த எண் ஏன் இப்படி இருக்கிறது என்று நமக்குத் தோன்றாத காரணத்தை அங்கேதான் யாராவது சொல்வார்கள், அதைக் கேட்டபிறகு அறிக்கையைத் திருத்த வேண்டியிருக்கலாம், அதற்கும் நாள் ஒதுக்குங்கள். கூட்டத்தை உங்கள் வகுப்பு முடியும் நேரத்துக்கு வைக்காமல், அவர்களுடைய ஷிஃப்ட் எப்போது முடிகிறது என்று கேட்டுவிட்டு வையுங்கள்.